மூட்டு நோவும் நம் கடமையும்

(திருவண்ணாமலையில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்நகரில் நின்றுகொண்டு முழங்காலைப் பற்றிப் பேசுவது மிகவும் பொருத்தமானது. அண்ணாமலையை வலம்வரும் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. முழுமதி நாள்தோறும், கார்த்திகைத் தீபத் திருநாளிலும் இலட்சக்கணக்கான மக்கள் வெறுங்காலுடன் அப்பாதையில் நடக்கின்றனர். அவர்களுள் பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதையோரம் அமர்ந்துவிடும் முதியோர் எத்தனை பேர் என்பதைப் பார்த்தோர் அறிவர்.

இந்த நோவு மலைவலம் வருவோர்க்கு மட்டும் உரியதன்று. செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம், போளூர், வந்தவாசி என எப்பக்கம் சென்றாலும், நாற்று நட்டும், களை பறித்தும், நாம் மல்லாட்டை என்று வழங்கும் மணிலாக் கொட்டையை ஆய்ந்தும் நாற்பது ஆண்டு உழைத்த தாய்மார்கள் சுவரைப் பற்றிக்கொண்டு எழுவதைக் காண்கிறோம். குந்த முடியாத உழவர் கறவை மாட்டை விற்றுவிடுகிறார். பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார். நடக்க முடியாத மூதாட்டி முதலில் சந்தைக்குப் போவதை நிறுத்துகிறார். பிறகு கோயிலுக்குப் போவதை நிறுத்துகிறார். கடைசியில் வீட்டு வாயிலே அவருக்கு எல்லையாகிவிடுகிறது. இது ஒருவருடைய நோவு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் வருவாயையும் ஓர் ஊரின் உழைப்பையும் குறைக்கும் நோவு.

இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றளவும் உலகில் இல்லை. ஆயினும் வலியை வெகுவாகத் தணித்து நடமாட்டத்தைக் காத்துக்கொள்ள வழி உண்டு. அவ்வழியின் பெரும்பகுதி நம் அடுப்பங்கரையிலும் நம் தொடைத் தசையிலும் இருக்கிறது. சிறு பகுதியே பிறர் கையில் இருக்கிறது. நாம் இன்று சொல்ல வந்த செய்தி இதுவே.

நோயின் இயல்பு

இரண்டு எலும்புகள் கூடும் இடமே மூட்டு. எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இடையே மசகுபோல் ஒரு நீர் சுரக்கிறது. நாளடைவில் குருத்தெலும்பு மெலிந்து சொரசொரப்பாகிறது. எலும்பின் ஓரங்களில் முள்போன்ற வளர்ச்சிகள் தோன்றுகின்றன. மூட்டைச் சூழ்ந்த சவ்வு வீங்குகிறது. மருத்துவர்கள் இதனை ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்பர். நாம் மூட்டுத் தேய்வு என்கிறோம். சித்த மருத்துவம் இதனைக் கீல்வாயு வகையில் சேர்த்துப் பேசுகிறது.

இதனை வண்டி அச்சின் தேய்மானத்தோடு ஒப்பிடுவது வழக்கம். அவ்வுவமை ஓரளவே பொருந்தும். அச்சு ஓட ஓடத் தேயும். நிறுத்தி வைத்தால் அப்படியே இருக்கும். மூட்டோ உயிருள்ளது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு மடங்கி நீளும்போது அந்த மசகு நீர் உட்புகுந்து வெளியேறுவதாலேயே அது ஊட்டம் பெறுகிறது. ஆகவே மூட்டை அசைக்காமல் வைத்திருப்பது அதனைப் பட்டினி போடுவதாகும். "வலிக்கிறது, ஆகையால் உட்கார்ந்தே இருங்கள்" என்று முதியோருக்கு அன்போடு கூறும் அறிவுரை உண்மையில் அவர்களுக்குத் தீங்காகவே முடிகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 52 கோடியே 80 இலட்சம் பேர் இந்நோய் உடையோராய் இருந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 73 பேர் 55 வயதைக் கடந்தவர்கள். நூற்றுக்கு 60 பேர் பெண்கள். முழங்காலே மிகுதியாகத் தாக்கப்படும் மூட்டு. முதுமை, மிகை எடை, பழைய அடி அல்லது முறிவு, குந்தியும் மண்டியிட்டும் பளு தூக்கியும் செய்யும் வேலை, மரபு, பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின் ஏற்படும் உடல் மாற்றம் ஆகியவை இதற்குக் காரணங்கள். இந்நகரில் வாழ்ந்த இரமண மகரிஷியும் முதுமையில் முழங்கால் வாதத்தால் துன்புற்றுக் கைத்தடியின் துணையோடு நடந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. துறவியென்றும் உழவரென்றும் இந்நோய் வேற்றுமை பாராட்டுவதில்லை.

எல்லா மூட்டு வலியும் ஒன்றன்று

மருந்தைத் தேடுமுன் நோயை அறிதல் வேண்டும். மூட்டுத் தேய்வில் காலையில் எழும்போது மூட்டு பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். நடந்தால் வலி கூடும், ஓய்ந்தால் குறையும். அவ்வாறின்றி, காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்கு வாதமாக இருக்கக்கூடும். அதற்குத் தனி மருந்து உண்டு. காலம் தாழ்த்தினால் மூட்டுகள் கோணிவிடும். நள்ளிரவில் கால் பெருவிரல் திடீரெனச் சிவந்து வீங்கினால், அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நோயாக இருக்கலாம். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சூடேறி வீங்கினால், அதில் கிருமி புகுந்திருக்கக்கூடும். அன்றைய தினமே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் பல மாதங்கள் மூட்டு வலி நீடிப்பதையும் நம் மக்கள் பட்டறிந்துள்ளனர்.

ஊராட்சி உறுப்பினர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. நம் அண்டை மாவட்டங்களான தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருந்ததால் பல்லில் கறையும், முதுகிலும் மூட்டிலும் விறைப்பும் பரவலாகக் காணப்பட்டன. அதனைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு வரை இருக்கலாம் என்பது நம் நாட்டுத் தர அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது; நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஓர் ஊரில் இளைஞர்களுக்கும் முதுகு வளைந்து மூட்டு விறைக்குமானால், அங்கே முதலில் சோதிக்க வேண்டியது ஆழ்துளைக் கிணற்று நீரையே.

எடையின் கணக்கு

இனி உணவுக்கு வருவோம். மூட்டுத் தேய்வு நோயாளிக்கு உணவு செய்யும் முதல் உதவி, உடல் எடையைக் குறைப்பதே. 1 கிலோ எடை குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று 2005-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அளந்து கண்டனர்.

இதனை நம் மலைவலப் பாதையில் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் அடி 70 சென்டிமீட்டர் என்று கொண்டால், 14 கிலோமீட்டருக்கு 20,000 அடிகள் ஆகின்றன. ஒரு காலுக்கு 10,000 அடிகள். ஓர் அடிக்கு 4 கிலோ வீதம், 1 கிலோ எடை குறைத்தவருடைய ஒரு முழங்கால் ஒரு மலைவலத்தில் 40,000 கிலோ, அதாவது 40 டன் சுமையினின்று விடுபடுகிறது. நான்கு லாரிப் பாரம்! 5 கிலோ குறைத்தவர் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்திலுள்ள வேக் பாரஸ்ட் பல்கலைக்கழகத்தார், மிகை எடையும் முழங்கால் வலியும் உடைய 454 பேரை மூன்று பிரிவாக்கி 18 மாதங்கள் ஆராய்ந்து, 2013-இல் முடிவை வெளியிட்டனர். உணவை மட்டும் ஒழுங்குபடுத்தியவர்களை விடவும், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களை விடவும், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களே மிகுந்த பயன் பெற்றனர். அவர்கள் தம் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைத்தனர். அவர்களுடைய வலி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. உணவும் உழைப்பும் ஏரில் பூட்டிய இரு மாடுகள் போன்றவை. ஒன்றைக் கொண்டு உழ முடியாது.

மெலிந்த உடலினர் எடையைக் குறைக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். நம் சிற்றூர்களில் மெலிந்த முதியோரும் முழங்கால் வலியால் துன்புறுகின்றனர். அவர்களுக்கு வேண்டியது பட்டினியன்று; சதை பிடிக்கும் சத்துணவு.

எதை உண்பது, எவ்வளவு உண்பது

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. வயிற்றில் போடுவதை நாம் அளப்பதில்லை. ஒரு தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் என்பதே பல வீடுகளின் வழக்கம். அதனை மாற்றித் தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன், எஞ்சிய கால் பங்கு மட்டும் சோறோ களியோ என்று அமைத்தல் நலம். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிற்கட்டும். ஒரு நாளில் பலமுறை அருந்தும் தேநீரிலுள்ள சர்க்கரையைக் குறைத்தாலே சிலருக்கு எடை இறங்கத் தொடங்கும். இரவு உணவைச் சற்று முன்னதாகவும் சற்றுக் குறைவாகவும் கொள்வது நன்று.

இதற்கு வெளியூர்ப் பண்டம் ஒன்றும் தேவையில்லை. சவ்வாது மலையின் சாமை, நம் கொல்லையின் கேழ்வரகு, வேலியோரத்து முருங்கை, வரப்பில் விளையும் துவரையும் காராமணியும், ஏரி மீன் ஆகியவை போதும். அவித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி நல்ல உணவே. ஆனால் அதில் எண்ணெய்ச் சத்து மிகுதியாதலால், எடை குறைக்க விரும்புவோர் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் உடையவர்கள் கேழ்வரகுக் கூழையும் அளந்தே குடிக்க வேண்டும்.

உணவைப் பற்றி நம்மிடையே நிலவும் சில தவறான கருத்துகளை இங்கே விளக்குவது இன்றியமையாதது.

முதலாவது, "மூட்டு தேய்ந்தால் சுண்ணாம்புச் சத்தை உண்டால் போதும்" என்பது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அது எலும்பை உறுதியாக்கும். முதுமையில் இடுப்பெலும்பு முறியாமல் காக்கத் துணை நிற்கும். ஆகவே உண்ணத்தக்கதே. ஆனால் எலும்பு மெலிவு வேறு, மூட்டுத் தேய்வு வேறு. தேய்ந்த குருத்தெலும்பைச் சுண்ணாம்புச் சத்து மீண்டும் வளர்க்காது.

இரண்டாவது, "பருப்பும் கொண்டைக்கடலையும் உருளைக்கிழங்கும் வாயு, அவற்றைத் தொடாதே" என்பது. உருளைக்கிழங்கைக் குறைத்தால் நட்டமில்லை. ஆனால் பருப்பையும் பயற்றையும் நிறுத்திவிட்டால், சைவ உணவு உண்ணும் முதியவருக்குப் புரதம் எங்கிருந்து கிடைக்கும்? புரதம் குறைந்தால் தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் முழங்காலுக்குத் தாங்கல் இல்லை. பயறு வகைகள் மூட்டைத் தேய்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. வயிறு உப்புகிறவர்கள் பயற்றை ஊறவைத்து முளைகட்டி, நன்கு வேகவைத்து, இஞ்சியும் பூண்டும் சேர்த்து உண்ணலாம்.

மூன்றாவது, முடக்கறுத்தான் கீரை. தோசையாகவும் இரசமாகவும் இதனை உண்பது நம் தொன்மையான வழக்கம். கீரை என்ற முறையில் அது நல்ல உணவு, தாராளமாக உண்ணலாம். ஆனால் முடக்கறுத்தானை உண்கிறோம் என்று எடையையும் பயிற்சியையும் மறந்துவிடுதல் ஆகாது.

நான்காவது, கடைகளில் விலையுயர்ந்த குளுக்கோசமின் மாத்திரைகள். 1,583 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2006-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், இம்மருந்து வெறும் மாத்திரையைக் காட்டிலும் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. அந்தப் பணத்துக்கு முட்டையும் பயறும் வாங்குவது அறிவுடைமை.

கைமுறைச் சிகிச்சை

இக்காலத்தில் கைபேசியில் ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறோம். ஒருவர் படுத்திருக்க, மற்றொருவர் அவருடைய கழுத்தையோ முதுகையோ சட்டென்று திருப்புகிறார். நெட்டி முறியும் ஓசை கேட்கிறது. படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டு எழுகிறார். இம்முறைக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் 1895-இல் இதனைத் தொடங்கினார். முதுகெலும்பின் கண்ணிகள் இடம் பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை இன்றைய மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை. ஆயினும், அண்மையில் தோன்றிய சிலவகை இடுப்பு வலிகளுக்கு இம்முறை ஓரளவு தணிவு தரும் என்று ஆய்வுகள் கூறுகின்றன.

கையால் தொட்டு நோய் தணிக்கும் முறை நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பெயரில் ஒன்பது வகைக் கைமுறைகள் உண்டு. தென்கோடிக் குமரி மாவட்டத்தில் வர்ம மருத்துவம் வழிவழியாகப் பயிலப்படுகிறது. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரால் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியசாலைகள் நம் ஊர்களிலும் உள்ளன. ஆனால் முறிந்த எலும்புக்குப் போடும் கட்டு தேய்ந்த மூட்டுக்கு மருந்தன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தேய்ந்த முழங்காலுக்குக் கைமுறைச் சிகிச்சை எவ்வளவு உதவும்? அறிஞர்களிடையே இதில் முழு உடன்பாடு இல்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை, உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும் உறுதியாகப் பரிந்துரைத்தது. கைமுறைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை. 2022-இல் இங்கிலாந்தின் தேசிய நெறிமுறை, முழங்காலுக்கும் இடுப்பு மூட்டுக்கும் உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே இதனைக் கருதலாம் என்று கூறியது. இரண்டும் ஒத்துக் கூறுவது ஒன்றுதான்: பயிற்சியே முதல், கை துணை. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டால் சில மணி நேரம் இதமாக இருக்கும். அந்த இதம் பொய்யன்று. அந்த நேரத்தைப் பயன்படுத்தி எழுந்து நடப்பதே அறிவு.

ஓசையைக் கண்டு மயங்க வேண்டாம். நெட்டி முறியும்போது கேட்பது எலும்பு இடத்தில் அமரும் ஓசையன்று. மூட்டு நீரில் வாயு இடம் கொள்ளும் ஓசை. நம் விரலைச் சொடுக்கும்போது எழும் அதே ஓசைதான். தேய்ந்த குருத்தெலும்பு எந்தச் சொடுக்கினாலும் வளர்வதில்லை.

இதில் ஆபத்தும் உண்டு. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அவை அரியவை, ஆனால் வந்தால் மீளாதவை. எலும்பு மெலிந்த மூதாட்டிக்கு முதுகில் அழுத்தினால் எலும்பு முறியக்கூடும். நம் நாட்டில் கைரோபிராக்டிக் தொழிலுக்கெனச் சட்டப்படியான தனி மன்றம் இல்லை. ஆதலின் யார் வேண்டுமாயினும் பலகை மாட்டிக்கொள்ள இடமுண்டு. இயன்முறை மருத்துவத்துக்கோ 2021-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒழுங்குமுறை வகுத்துள்ளது. கைமுறைச் சிகிச்சை வேண்டுவோர், பட்டம் பெற்ற இயன்முறை மருத்துவரையோ, அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவரையோ நாடுவதே பாதுகாப்பு. "இத்தனை நாளில் மூட்டைப் புதிதாக்குகிறேன்" என்று உறுதி கூறுவோரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

தொடையே முழங்காலின் தூண்

தொடையின் முன்பக்கத் தசை உறுதியாயின், காலை ஊன்றும்போது அது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். அதனை வலுப்படுத்த மூன்று எளிய பயிற்சிகள் போதும்.

காலை நீட்டி அமர்ந்து, முழங்காலின் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதனைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்துக. இது முதற்பயிற்சி. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை விறைப்பாக ஓரடி உயரம் தூக்கி ஐந்து எண்ணி இறக்குக. இது இரண்டாவது. உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கூடுமானவரை கையூன்றாமல் எழுந்து மெல்ல அமர்க. இது மூன்றாவது. ஒவ்வொன்றையும் பத்து முறை, காலையும் மாலையும் செய்தல் வேண்டும். செய்யும்போது சிறிது வலிப்பது இயல்பு. மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரங்கள் விடாது செய்தால்தான் பயன் தெரியும். நெல் விதைத்த மறுநாளே யாரும் கதிரை எதிர்பார்ப்பதில்லை அன்றோ?

நடையும் நல்ல மருந்தே. வலி உள்ளவர்கள் ஒரே நாளில் 14 கிலோமீட்டர் நடந்து பத்து நாள் படுப்பதைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் சமதரையில் நடப்பது மேல். மலைவலம் வர விரும்புவோர் சில வாரங்களுக்கு முன்பிருந்தே நடைத் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டிவர வேண்டும்; வெயில் தணிந்த பின் புறப்பட்டு, இடையிடையே அமர்ந்து செல்ல வேண்டும். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலக்கால் வலித்தால் இடக்கையில் தடி. நம்மில் பலர் இதனை மாற்றிப் பிடிக்கின்றனர்.

பொடியும் மாத்திரையும்

வலி தாளாதபோது மருந்து கொள்வது குற்றமன்று. முழங்காலுக்கு மேற்பூச்சு வலிநீக்கிக் களிம்பு முதலில் கொள்ளத்தக்கது. வாய்வழி வலி மாத்திரைகளை மருத்துவர் சொன்ன நாள் அளவுக்கே உண்ண வேண்டும். கடையில் தாமே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும், சிறுநீரகக் கேடும், மாரடைப்பும் நேரக்கூடும். வெயிலில் உழைத்து உடல் நீர் வற்றிய உழவருக்குச் சிறுநீரகக் கேட்டின் அச்சம் இன்னும் மிகுதி.

பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலப் பொடிகளைத் தொடவே கூடாது. அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பது நாட்டின் பல பகுதிகளில் கண்டறியப்பட்டுள்ளது. உண்ட இரண்டாம் நாளே வலி பறந்தால் மகிழ வேண்டாம், ஐயம் கொள்ளுங்கள். முகம் ஊதுதல், சர்க்கரை ஏறுதல், எலும்பு மெலிதல் ஆகியவை பின்னர் வரும்.

எல்லாம் செய்தும் இரவில் உறங்க முடியாத வலி இருப்பின், மூட்டு மாற்று அறுவையைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் கலந்துகொள்ள வேண்டும். 2017-இல் மத்திய அரசு செயற்கை முழங்காலுக்கு உச்ச விலை வரையறுத்தது. செலவைப் பற்றி முடிவு செய்யுமுன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்று அரசு மருத்துவமனையில் கேட்டறிதல் வேண்டும். வீட்டையோ நிலத்தையோ அடகு வைத்த பின் கேட்பதில் பயனில்லை.

ஊராட்சி செய்யத்தக்கவை

இதுவரை கூறியவை தனி மனிதர் கடமை. ஆனால் குந்தியே வேலை செய்யும் ஊரில், குந்தியே மலங்கழிக்கும் ஊரில், அமர ஒரு திண்ணையும் இல்லாத ஊரில், தனி மனிதர் எவ்வளவுதான் செய்ய இயலும்? இங்கேதான் ஊராட்சியின் பங்கு தொடங்குகிறது.

முழங்கால் வலியுள்ள முதியோருக்குக் குந்தும் கழிப்பிடமே பெரும் தண்டனை. ஒவ்வொரு பொதுக் கழிப்பிடத்திலும் ஓர் இருக்கைக் கழிப்பிடமும் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் அமைக்கச் செலவு மிகவில்லை. வீடுகளில், நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றைக் கழிப்பிடத்தின் மேல் வைத்துக்கொண்டால் போதும். நியாய விலைக் கடை, பேருந்து நிற்குமிடம், துணைச் சுகாதார நிலையம் ஆகியவற்றின் வாயிலில் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலாக ஒரு சிமெண்டுத் திண்ணை அமையட்டும். தாழ்ந்த திண்ணையிலிருந்து எழுவதுதான் கடினம்.

வயல் வேலையிலும் மாற்றம் வேண்டும். நின்றுகொண்டே தள்ளும் களைக்கருவியும் நீண்ட கைப்பிடி கொண்ட களைக்கொட்டும் முழங்காலைக் காக்கும். மல்லாட்டை ஆய்வோர்க்குத் தரையில் குந்துவதற்கு மாற்றாக, ஒரு பலகை மேசையும் உட்காரும் பெட்டியும் தரலாம். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குத் தரும் இயந்திரங்களைப் பற்றி உழவர் குழுக்கள் கேட்டறிந்து கூட்டாகப் பயன்படுத்த வேண்டும். தொடர்ந்து குந்தியிருப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டி மடக்குவதற்கு மேற்பார்வையாளர் தடை சொல்லலாகாது.

மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. வீடு தேடிச் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிப்பது அதன் பணிகளுள் ஒன்று. 2024-இல் அத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. ஊரில் நடக்க இயலாதோர் யார் யார் என்ற பட்டியலை உறுப்பினர்கள் தம் வார்டுவாரியாக எழுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கொடுத்தால், இயன்முறை மருத்துவர் யார் வீட்டுக்கு வருவது என்பது தெளிவாகும். பட்டியல் இல்லாத ஊரில், வாசலுக்கு வர இயலாதவரை யாரும் அறிவதில்லை.

கிராம சபையில் சாலையும் விளக்கும் பேசப்படுகின்றன, நன்று. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மூன்று பொருள்களைச் சேர்த்துப் பேசுங்கள்: குடிநீரின் புளோரைடுச் சோதனை, முதியோருக்கான கழிப்பிடமும் திண்ணையும், நடமாட்டமற்றோர் பட்டியல். இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை, மனமே தேவை.

பெரியோர்களே! மூட்டு தேய்வதை நாம் முற்றிலும் தடுக்க இயலாது. தேய்ந்த மூட்டோடும் வயலுக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் தம் காலால் நடந்து செல்லும் முதுமையை நம் ஊர் மக்களுக்கு அளிக்க இயலும். அளந்த உணவு, நாள்தோறும் பயிற்சி, தேர்ந்தவரின் கைத்துணை, இவற்றுக்கு இடம்கொடுக்கும் ஊர் என்னும் இந்நான்கும் கூடினால் அது கைகூடும். உணவும் பயிற்சியும் இன்று மாலையே உங்கள் வீட்டில் தொடங்கலாம். ஊரின் பங்கு அடுத்த கிராம சபையில் தொடங்கட்டும்.